வெளிச்சப் பெட்டிக்குள் ஒரு ஜனதா

நம் வயதுக்காரர்கள் வீட்டில் பழைய ஆல்பம் இருந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஐம்பது, அறுபதுகளில் ஸ்டூடியோவில் எடுத்த படங்களில் ஆண்கள் ஏன் இடது கையை அப்படி மடித்து வைத்திருக்கிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? நாற்காலியின் கைப்பிடி மீதோ, பக்கத்தில் பூச்சாடி வைத்த ஸ்டூலின் மீதோ இடது கை இருக்கும். சட்டையின் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறியிருக்கும். காரணம் கைக்கடிகாரம். அது படத்தில் விழ வேண்டும். வாட்ச் இல்லாதவருக்குக் கோட்டு, டையோடு சேர்த்து வாட்சும் இரவல் கொடுத்த ஸ்டூடியோக்கள் உண்டு. அது ஓட வேண்டிய அவசியம்கூட இல்லை. கையில் இருந்தால் போதும்.

கைக்கடிகாரமும் புகைப்படமும் நம் ஊரில் ஒன்றாகவே வளர்ந்தன என்று சொல்லலாம். ஆனால் அந்தப் படங்களில் வாட்ச் என்பது ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு. விளக்கின் ஒளி கண்ணாடியில் பட்டுத் தெறித்திருக்கும். என்ன கம்பெனி, எத்தனை மணி, டயல் என்ன நிறம், ஒன்றும் தெரியாது. ஆயிரக்கணக்கான மணிக்கட்டுகளில் வாட்ச் இருந்ததற்குச் சாட்சி இருக்கிறது. அந்த வாட்ச் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு நான் கற்றுக்கொண்ட விஷயங்களில் ஒன்று, வீட்டிலேயே ஓர் அட்டைப் பெட்டியை வைத்துக் கைக்கடிகாரத்தைப் படம் எடுப்பது. அதைக் கற்கக் காரணம் ஒரு கல்யாணம். தம்பி மகனுக்குத் தை மாதம் முகூர்த்தம் வைத்திருந்தது. "தாத்தா வாட்சை மாப்பிள்ளை கையில கட்டணும் அண்ணா. ஆனா டயல் பழுப்பாயிடுச்சு. கொடுத்துப் புதுசா பெயின்ட் பண்ணிடலாமா?" என்று தம்பி கேட்டான். வாட்ச் என் பொறுப்பில் இருந்தது. கொடுப்பதற்கு முன் இருக்கிற நிலையில் ஒரு நல்ல படம் எடுத்துவிடலாம் என்றேன். அப்படித் தொடங்கியதுதான், பீரோவில் கிடந்த ஐந்து வாட்சுகளிலும் போய் முடிந்தது. அதோடு நம் நாட்டுக் கைக்கடிகாரத்தின் கதையையும் கொஞ்சம் படிக்க வைத்தது.

மக்களின் வாட்ச்

அப்பாவின் வாட்ச் எச்.எம்.டி. ஜனதா. கிராமத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். 1967இல், பெங்களூரில் இருந்த உறவினர் ஒருவர் மூலம் சொல்லி வைத்துக் காத்திருந்து வாங்கினார்.

காசு கொடுத்தால் கிடைக்கிற சாமானுக்கு ஏன் காத்திருக்க வேண்டும் என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். அதற்குச் சற்றுப் பின்னால் போக வேண்டும். சுதந்திரத்துக்கு முன் நம் ஊர் வாட்ச் என்றால் சுவிட்சர்லாந்து வாட்ச்தான். ஃபாவ்ரே லூபா கம்பெனி 1865லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. வெஸ்ட் எண்ட் கம்பெனியின் 'சோவார்' வாட்ச் பட்டாளத்துக்காரர்களிடமும் ரயில்வேக்காரர்களிடமும் பிரபலம். சோவார் என்றால் குதிரைப்படை வீரன். சென்னையில் மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்ட் சன்ஸ் கட்டடத்தையும் அதன் உச்சியில் இருக்கும் மணிக்கூண்டையும் பார்க்காதவர் நம்மில் யார்?

சுதந்திரத்துக்குப் பிறகு, ஐம்பதுகளின் பிற்பகுதியில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் வந்தன. வாட்ச் அத்தியாவசியப் பொருளா, ஆடம்பரப் பொருளா? அரசாங்கத்தின் கணக்கில் ஆடம்பரம். ஆனால் ஆபீசுக்கும் பள்ளிக்கும் ரயிலுக்கும் போகிறவனுக்கு அத்தியாவசியம். இந்த இரண்டுக்கும் நடுவே நுழைந்ததுதான் கடத்தல் வாட்ச். இது எவ்வளவு பெரிய தலைவலியாக இருந்தது என்பதற்கு ஒரே ஒரு சான்று போதும். 1962ஆம் ஆண்டின் கஸ்டம்ஸ் சட்டத்தில் 123ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. கடத்தல் பொருள் என்று நியாயமான சந்தேகத்தின்பேரில் அதிகாரி கைப்பற்றினால், அது கடத்தல் பொருள் அல்ல என்று நிரூபிக்க வேண்டியது வைத்திருந்தவர் பொறுப்பு. அந்தப் பிரிவில் பெயர் சொல்லிக் குறித்திருக்கும் பொருட்களில் தங்கத்தோடு கைக்கடிகாரமும் இருக்கிறது. தங்கத்துக்குச் சமமாக வாட்சைப் பயந்த காலம் அது.

இந்தச் சூழலில்தான் எச்.எம்.டி. வந்தது. ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்பது 1953இல் பெங்களூரில் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம். லேத் முதலிய இயந்திரங்களைச் செய்வதுதான் அதன் தொழில். இயந்திரம் செய்யத் தெரிந்தவனுக்கு வாட்ச் செய்வது அவ்வளவு தூரமில்லை. இரண்டுக்கும் வேண்டியது நுட்பமான அளவுதான். ஜப்பானின் சிட்டிஸன் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, 1961இல் வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது. முதல் தொகுதி வாட்சுகளை வெளியிட்டவர் பிரதமர் நேரு.

பெயர்களைப் பாருங்கள். ஆண்களுக்கு 'ஜனதா', பெண்களுக்கு 'சுஜாதா'. பிறகு 'பைலட்', 'சோனா', 'கோஹினூர்', 'காஞ்சன்' என்று வரிசையாக வந்தன. பார்வையற்றவர்கள் தடவி மணி பார்க்கும் பிரெயில் வாட்சும் வந்தது. ஜனதா என்றால் மக்கள். ராஜா, மகாராஜா என்று பெயர் வைக்காமல் மக்கள் என்று ஒரு வாட்சுக்குப் பெயர் வைத்த காலத்தை நாம் வாழ்ந்து பார்த்திருக்கிறோம். பெங்களூர் போதாமல் தும்கூரிலும், ஸ்ரீநகரிலும், நைனிடால் பக்கம் ராணிபாக்கிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தால் எச்.எம்.டி., மாப்பிள்ளைக்கு எச்.எம்.டி., ரிடையர் ஆனால் ஆபீசில் கொடுப்பதும் எச்.எம்.டி.

ஜனதா சாவி கொடுக்கிற வாட்ச். உள்ளே 17 ஜூவல். டயலில் 'பாராஷாக்' என்று எழுதியிருக்கும். கீழே விழுந்தால் உள்ளிருக்கும் சக்கரத்தின் மெல்லிய அச்சு முறியாமல் காக்கும் ஏற்பாடு அது. மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு ஐந்து. ஒரு நாளைக்கு 4,32,000 தடவை துடிக்கும். அந்த 17 ஜூவல் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. ரிப்பேருக்குக் கொடுத்தால் கடைக்காரர் உள்ளே இருக்கும் 'கல்'லைத் திருடிவிடுவார் என்று கடை வாசலிலேயே நின்று காவல் காத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவை செயற்கை மாணிக்கம். வெர்னேய் என்ற பிரெஞ்சுக்காரர் அதைச் செய்யும் முறையை 1902இல் அறிவித்ததிலிருந்து மலிவாகக் கிடைக்கிற பொருள். தேய்மானம் குறைய அச்சு முனைகளுக்குத் தாங்கியாக வைப்பது. திருடி விற்றால் பஸ் டிக்கெட்டுக்கும் தேறாது!

வாட்ச் ஒரு கண்ணாடி

சரி, படம் எடுக்கும் கதைக்கு வருவோம்.

செல்போனை எடுத்து மேஜை மேல் வைத்த வாட்சைப் படம் பிடித்துப் பாருங்கள். படத்தில் வாட்சைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும். ஜன்னல் கம்பி, டியூப் லைட், மின்விசிறி, போனைப் பிடித்திருக்கும் இரண்டு கை, அதன் பின்னால் நம் வழுக்கை. காரணம் எளிமையானது. துணி, மரம், காகிதம் போன்றவற்றின் மேல் பட்ட வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும். அதனால் எங்கிருந்து பார்த்தாலும் பொருள் தெரியும். மெருகேற்றிய உலோகமும் கண்ணாடியும் அப்படியல்ல. எந்தக் கோணத்தில் வெளிச்சம் வந்ததோ, அதே கோணத்தில் மறுபக்கம் திருப்பி அனுப்பும். அதாவது வாட்ச் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அதற்கு வெளிச்சம் போட்டுப் பயனில்லை. அது எதைப் 'பார்த்துக்கொண்டிருக்கிறதோ' அதற்கு வெளிச்சம் போட வேண்டும்.

வெளிச்சப் பெட்டியின் தத்துவம் முழுவதும் இவ்வளவுதான். வாட்சைச் சுற்றி வெள்ளையைத் தவிர வேறெதுவும் இல்லாதபடி செய்துவிட்டால், அதில் வெள்ளை மட்டுமே தெரியும். கடையில் லைட் பாக்ஸ் என்று மடக்கு வசதியோடு விற்கிறார்கள். நான் வீட்டில் மிக்ஸி வந்த அட்டைப் பெட்டியிலேயே செய்துகொண்டேன். செய்முறை இது.

பெட்டியின் வாய் நம்மைப் பார்க்கும்படி படுக்க வைக்க வேண்டும். இடது, வலது, மேல் என்று மூன்று பக்கமும் இரண்டு விரல் விளிம்பு விட்டு ஜன்னல்போல வெட்டி, அந்த ஜன்னல்களில் பட்டர் பேப்பர் ஒட்ட வேண்டும். உள்ளே பின்சுவரின் உச்சியிலிருந்து தரை வரை ஒரே வெள்ளைச் சார்ட் பேப்பரை மடிக்காமல் வளைவாக இறக்க வேண்டும். மடித்தால் படத்தில் பின்னால் ஒரு கோடு விழும். மூன்று ஜன்னலுக்கும் வெளியே ஒவ்வொரு எல்.இ.டி. பல்பு. மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே வெள்ளையாக இருப்பது முக்கியம். ஒன்று மஞ்சள், ஒன்று நீலம் கலந்த வெள்ளை என்றிருந்தால் டயலின் உண்மையான நிறம் எது என்று எந்தக் கேமராவுக்கும் தெரியாது. அதே காரணத்துக்காக அறை ஜன்னலையும் சாத்திவிட வேண்டும். பல்பின் ஒளி பட்டர் பேப்பரில் பட்டுப் பரவும்போது, சின்ன பல்பு ஒரு பெரிய வெள்ளைச் சுவராக மாறிவிடுகிறது. பழைய ஸ்டூடியோக்காரர்கள் விளக்குக்கு முன்னால் வெள்ளைத் துணியும் வெள்ளைக் குடையும் வைத்தது இதற்காகத்தான். முகத்துக்குச் செய்ததை நாம் வாட்சுக்குச் செய்கிறோம்.

போனைக் கையில் பிடிக்கக் கூடாது. சின்ன ட்ரைபாடில் பொருத்தி, மூன்று விநாடி டைமர் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். ரொம்பக் கிட்டே போனால் வாட்ச் உப்பிய பூரிபோல வரும். சற்றுத் தள்ளி நின்று போனில் இரண்டு மடங்கு என்று இருப்பதைத் தொட்டு எடுத்தால் வட்டம் வட்டமாகவே இருக்கும். தூசியை வாயால் ஊதக் கூடாது, எச்சில் படும். மெல்லிய பிரஷ் போதும்.

இவ்வளவு செய்த பின்னும் இரண்டு விஷயங்கள் மிச்சம் இருக்கும். ஒன்று, போனின் கறுப்புக் கண் வாட்ச் கண்ணாடியில் தெரியும். கறுப்புச் சார்ட்டில் லென்ஸ் அளவுக்கு ஒரு துளை போட்டு அதன் வழியே எடுத்தால், கறுப்புக்குள் கறுப்பாக மறைந்துவிடும். அல்லது ஸ்ட்ராப்பின் அடியில் ஓர் அழிரப்பரை வைத்து வாட்சைக் கொஞ்சம் சாய்த்தால் போதும். பிரதிபலிப்பு வேறு பக்கம் போய்விடும். ஜனதாவில் இருப்பது மேடிட்ட பிளாஸ்டிக் 'கண்ணாடி'. அது எல்லாப் பக்கத்தையும் பார்க்கும். அதற்குச் சாய்க்கிற கோணத்தைத் தேடிக் கால்மணி நேரம் உட்கார வேண்டும். ஓய்வு பெற்றவனுக்கு அதில் என்ன நஷ்டம்?

இரண்டாவதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சுற்றிலும் வெள்ளை வைத்தால் வாட்ச் பளபளக்கவில்லை. வெளுத்து, அலுமினியக் கிண்ணம்போல உயிரற்றுக் கிடந்தது. உடலின் ஓரம் எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்புச் சார்ட் துண்டு நிறுத்தியதும், உலோகத்தின் விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடு ஓடியது. அந்தக் கணமே எஃகு எஃகானது. பளபளப்பு என்று நாம் சொல்வது வெளிச்சம் மட்டுமல்ல. வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இருட்டும் சேர்ந்ததுதான்.

பத்து மணி பத்து நிமிஷம்

முட்களை எங்கே நிறுத்துவது? கடை விளம்பரங்களில் எல்லா வாட்சும் 10:10 காட்டும். அது யாரோ ஒரு பெரிய மனிதர் இறந்த நேரம் என்று நம் பள்ளி நாட்களில் கதை விடுவார்கள். அதெல்லாம் இல்லை. மேலே 12க்குக் கீழே கம்பெனி பெயர் இருக்கும். 10:10 வைத்தால் இரண்டு முட்களும் அந்தப் பெயரை இரு கையால் ஏந்துவதுபோல நிற்கும், எதையும் மறைக்காது. 3 மணி பக்கத்தில் இருக்கும் தேதியும் தெரியும். பார்ப்பதற்குச் சிரித்த முகம் மாதிரியும் இருக்கும். நூறு வருடத்துக்கு முந்தைய வெளிநாட்டு விளம்பரங்களில் 8:20 என்று வைப்பதும் சாதாரணம். அது வாய் கோணிய முகம்போல இருக்கும். நாளடைவில் சிரிப்பே வென்றது.

சாவி வாட்சில் ஒரு வசதி. இரண்டு நாள் சாவி கொடுக்காமல் விட்டால் தானாக நின்றுவிடும். பிறகு முட்களை நிதானமாக நிறுத்தி எடுக்கலாம்.

பெயின்ட் அடித்த வரலாறு

படம் எடுக்கப் பழகியபோது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விற்பனைக்கு வரும் பழைய எச்.எம்.டி. வாட்சுகளின் படங்களையும் பார்த்தேன். பச்சை ஜனதா, சிவப்பு பைலட், ஊதா கோஹினூர், ஆரஞ்சு டயலில் கொட்டை கொட்டையாகத் தமிழ் எண்கள்கூட! பழைய வாட்சைப் பிரித்து, டயலைச் சுரண்டி, புது வர்ணம் அடித்து, மேலே எச்.எம்.டி. முத்திரையை அச்சடித்து விற்கிற தொழில் பெரிதாக நடக்கிறது. உள்ளே இருக்கும் இயந்திரம் உண்மை. முகம் பொய். எழுத்து சற்றுத் தடித்திருக்கும். நிமிஷக் கோடுகள் எண்களுக்கு நேராக இருக்காது. பல டயல்களில் 6 மணிக்குக் கீழே விளிம்பை ஒட்டி இருக்க வேண்டிய நுண்ணெழுத்து காணாமல் போயிருக்கும். இதையெல்லாம் கண்டுபிடிக்க வேண்டுமானால் பக்கத்தில் வைத்துப் பார்க்க, கை படாத ஒரு டயலின் நல்ல படம் வேண்டும்.

எனக்கு உறைத்தது அப்போதுதான். அந்தத் தொழிற்சாலைகள் இன்று இல்லை. கை படாத டயல்கள் இருப்பது பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களின் பீரோக்களில்தான். நாமும் 'புதுசாக்கி' விட்டால், ஜனதாவின் முகம் எப்படி இருந்தது என்று யாரைக் கேட்பது? கோயில் சுவரில் பழைய ஓவியத்தின் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டு, பிறகு அடியில் என்ன இருந்தது என்று தேடிய கதை நமக்குத் தெரியாததா?

அதனால் என் படங்களுக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வாட்சுக்கும் இரண்டு படம். ஒன்று, வெளிச்சப் பெட்டிக்குள், அழகுக்கு. மற்றொன்று, பெட்டிக்கு வெளியே, ஒரே ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து. பரவிய வெளிச்சம் கீறல்களை நிரப்பி மறைத்துவிடும். சாய்ந்து வரும் ஒற்றை வெளிச்சம் ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு நிழலைக் கொடுத்து வெளியே கொண்டுவரும். மாலை வெயிலில் ஏரிக்கரையில் நடந்தால் தரையிலுள்ள ஒவ்வொரு கல்லும் தெரியுமே, அதே கணக்கு.

ஐந்து வாட்சுகளில் பழையது தாத்தா காலத்து சோவார். அதன் எண்கள் இருட்டில் ஒளிர்ந்தவை. இப்போது பழுப்பேறிக் கருகிப்போயிருக்கின்றன. அந்தக் காலத்து ஒளிரும் எண்களில் பலவற்றில் இருந்தது நிஜ ரேடியம். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில், பிரஷ் முனையை உதட்டால் கூராக்கிக்கொண்டு டயலுக்கு ரேடியம் பூசிய இளம்பெண்கள், தாடை எலும்பு அரித்துப் போய் இறந்தார்கள். 1920களில் அவர்கள் தொடுத்த வழக்கு உலகையே உலுக்கியது. ஆட்டோவின் பின்னால் ஒட்டும் ஸ்டிக்கரை இன்றும் நாம் 'ரேடியம்' என்கிறோமே, அந்தச் சொல்லுக்குப் பின்னால் அவர்கள் இருக்கிறார்கள். எண்கள் ஒளிர்கிற மிகப் பழைய வாட்ச் உங்களிடம் இருந்தால் மூடியைத் திறக்காதீர்கள், டயலைச் சுரண்டவும் கொடுக்காதீர்கள். ஒளி அணைந்தாலும் ரேடியம் அணைவதில்லை. மூடியபடியே படம் எடுத்து, மூடியபடியே வையுங்கள்.

பின்மூடிக்குள்

ஜனதாவைத் திறக்கலாம். எங்கள் ஊரில் வாட்ச் ரிப்பேர் செய்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் கடைக்கே டார்ச்சையும் போனையும் கொண்டுபோனேன். பின்மூடியைக் கழற்றி உள்பக்கம் மேலே தெரியும்படி ஒரு வெள்ளைத் துணியில் வைத்தார். நேராகப் பார்த்தால் வெறும் உலோகம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும் ஊசியால் கீறிய எழுத்துகள் எழுந்து வந்தன.

3/69. 8/72. 1/76. 11/79. 5/83.

"இது எங்க தொழில்ல வழக்கம் சார். சர்வீஸ் பண்ணினா மூடிக்குள்ள தேதி கீறி வைப்போம். அடுத்த முறை வரும்போது எப்ப ஆயில் போட்டதுன்னு தெரியும்" என்றார்.

அப்பா டைரி எழுதியவர் அல்ல. கணக்கு நோட்டும் எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் மூன்றரை வருடத்துக்கு ஒருமுறை, தவறாமல், டவுனுக்குப் பஸ் ஏறிப் போய் இந்த வாட்சுக்கு ஆயில் போட்டு வந்திருக்கிறார். 72இல் எங்கள் ஊரில் மழை இல்லை; வீட்டில் கேழ்வரகுக் களிதான். அந்த வருடமும் தேதி இருக்கிறது. 83க்குப் பிறகு ஒன்றுமில்லை. 85இல் அவர் இறந்துவிட்டார். ஐந்து வரி. எங்கள் வீட்டில் அப்பாவைப் பற்றித் தேதியோடு இருக்கும் ஆவணம் இதுதான்.

படத்தைத் தம்பிக்கு அனுப்பினேன். ராத்திரி போன் செய்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "79ல போனப்ப நானும் கூடப் போனேன் அண்ணா. பரோட்டா வாங்கிக் குடுத்தார்" என்றான். டயலைப் பற்றி இருவருமே எதுவும் பேசவில்லை.

கல் போய்ப் படிகம் வந்தது

எச்.எம்.டி. எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானில் சீக்கோ கம்பெனி 'ஆஸ்ட்ரான்' என்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிற்பாடு உலகமெங்கும் பரவிய குவார்ட்ஸ் வாட்சுகளில் படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிரும். ஜனதாவின் ஐந்து துடிப்பு எங்கே, இது எங்கே! நேரம் தப்பாது, சாவி வேண்டாம், ஆயில் வேண்டாம். சுவிட்சர்லாந்தே ஆட்டம் கண்டது.

நம் பக்கத்தில் அந்த அலை ஓசூரில் வந்து இறங்கியது. டாடாவும் நம் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984இல் டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. பொறுப்பேற்று வளர்த்தவர் செர்க்ஸஸ் தேசாய். மோட்ஸார்ட்டின் 25ஆவது சிம்பனியிலிருந்து எடுத்த இசையோடு தொலைக்காட்சியில் விளம்பரம் வந்தால், அடுப்படியில் இருப்பவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செய்தது. ஆனால் மக்கள் அதற்குள் வாட்சை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு ஆயுளுக்கு ஒரு வாட்ச் என்பது போய், சட்டைக்கு ஒரு வாட்ச் என்றானது. பிறகு செல்போன் வந்து மணிக்கட்டையே காலி செய்தது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பெங்களூர் ஜாலஹள்ளியில் இப்போது எச்.எம்.டி.க்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

யார் மேலும் பழி சொல்ல இதை எழுதவில்லை. டைட்டனும் நம் மண்ணின் பெருமைதான். என் மனைவியின் வாட்ச் ஓசூரில் செய்ததுதான். அதையும் பெட்டிக்குள் வைத்துப் படம் எடுத்திருக்கிறேன். தட்டையான கண்ணாடி, எடுப்பதற்குச் சுலபம்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஜனதாவுக்கு ஆயில் போட்டு, கண்ணாடியை மட்டும் புதிதாக மாற்றி, புது ஸ்ட்ராப் போட்டுக் கொடுத்தோம். டயல் அதே பழுப்பு. ரிப்பேர் செய்த பெரியவர் மூடியைப் பூட்டுமுன் ஊசியை எடுத்து, 5/83க்குக் கீழே இந்த வருடத்தைக் கீறினார். நான் கேட்கவில்லை. அவர் தொழில், அவர் செய்தார்.

நண்பர்களே, உங்கள் பீரோவிலும் ஒன்றிரண்டு வாட்ச் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஓர் அட்டைப் பெட்டி, பட்டர் பேப்பர், சார்ட் பேப்பர், மூன்று பல்பு. முகத்தை ஒரு படம், முதுகை ஒரு படம், சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். பின்மூடியில் பொறித்திருக்கும் எண்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். யார் வாங்கியது, எந்த ஊரில், எந்த வருடம், எதற்காக என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாட்சோடு சேர்த்து வையுங்கள். வாட்ச் ஓடாவிட்டாலும் பரவாயில்லை. டயலுக்குப் பெயின்ட் அடிக்க மட்டும் கொடுக்காதீர்கள்.